இறக்கையை ஏற்ற எந்த வண்டி? பாதி கட்டிய விமானத்தை ரோட்டில் கொண்டுபோக ஐந்து வழிகள்

கொங்கு நாட்டில் ஷெட்டிலோ குடோனிலோ மொட்டை மாடியிலோ சொந்தமாகச் சிறு விமானம் கட்டுகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். ஆனால் அவர்களிடமிருந்து வரும் கேள்வி மட்டும் மாறுவதே இல்லை. “இறக்கை ரெண்டும் முடிஞ்சுதுங்க. பெயின்ட் பூத்துக்குக் கொண்டுபோகோணும். பிக்கப் போதுங்களா, இல்ல ஐச்சர் சொல்லட்டுங்களா?” சிலருக்கு ஷெட் மாற வேண்டியிருக்கும். சிலருக்கு கடைசிக் கோர்ப்புக்காக ஓடுதளம் உள்ள இடத்துக்குப் போக வேண்டியிருக்கும். எதுவானாலும் வண்டியில்தான் தொடங்குகிறார்கள்.

லாரிக்குப் பஞ்சமே இல்லாத ஊர் நம்முடையது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று எங்கே திரும்பினாலும் வண்டி இருக்கிறது. அந்த வண்டிகளெல்லாம் டன் கணக்கில் ஏற்றுவதற்காகக் கட்டப்பட்டவை என்பதுதான் நம் பிரச்சினை. நாம் ஏற்றப் போவதோ ஆள் நாலு பேர் தூக்கிவிடக்கூடிய, பதினோரு பன்னிரண்டு அடி நீளமுள்ள, அரை மில்லிமீட்டர் தகடு போர்த்திய ஒரு கூடு. பாரமான பொருளுக்கு நல்ல வண்டி எதுவோ அதுவே இதற்குக் கெட்ட வண்டியாகிவிட வாய்ப்பு உண்டு.

## எதை வைத்து முடிவு செய்வது

அதிர்வு. என் கணக்கில் பாதி மதிப்பெண் இதற்குத்தான். லாரியின் ஸ்பிரிங் பட்டை, லோடு ஏறினால்தான் வளையும். காலி வண்டியில் நாற்பது கிலோ இறக்கையை வைத்தால் பட்டை அசையவே அசையாது. ரோட்டிலுள்ள ஒவ்வொரு பள்ளமும் நேராக இறக்கைக்கு வந்து சேரும். ரிவெட் அடித்து முடிந்த அலுமினியம் ஓரளவு தாங்கும். கிளிக்கோவில் நிற்கும் பகுதி தாங்காது. கிளிக்கோ என்பது தகடுகளைத் தற்காலிகமாகச் சேர்த்துப் பிடிக்கும் ஸ்பிரிங் பின்தானே, ஆட்டத்தில் ஒவ்வொன்றாகக் கழன்று விழும், துளைகள் நீள்வட்டமாகிவிடும். இரண்டு தகடு உரசும் இடத்தில் கறுப்புப் பொடி தட்டுவதும் இந்த ஆட்டத்தால்தான். ஒரு சங்கதியைப் பலர் கவனிப்பதில்லை: பின் அச்சுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பாடிப் பகுதிதான் அதிகமாகத் தூக்கிப் போடும். இறக்கையின் வேர்ப்பகுதி, அதாவது விமான உடலோடு சேரும் முனை, இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் இருக்க வேண்டும்.

காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொன்ன ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பல்லடம், உடுமலை, கிணத்துக்கடவு பக்கம் காற்றாலைகளைச் சுற்ற வைப்பது ஆனி, ஆடியில். செங்குத்தாக நிறுத்திய இறக்கையின் பக்கப்பரப்பு ஐந்து சதுர மீட்டர் வரும். மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் பக்கக் காற்று ஒரு வீச்சு வீசினால் அதன் தள்ளு விசை எண்பது கிலோ அளவுக்கு இருக்கும். இறக்கையின் எடையே அவ்வளவு இருக்காது. படுக்கையாகப் போட்டால் இன்னொரு வம்பு. ஜெனித் சிஎச் 701 போன்ற மெதுவாகப் பறக்கும் ரகங்களில் மணிக்கு ஏறத்தாழ 48 கி.மீ. வேகத்திலேயே விமானத்தைத் தாங்கும் அளவுக்கு இறக்கை தூக்குவிசை தரும். முன்விளிம்பை முன்னால் வைத்து, முன்பக்கம் கொஞ்சம் உயர்ந்தபடி திறந்த பிக்கப்பில் படுக்கப் போட்டு அறுபதில் போனால், அது தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிடும்.

கை. ரோட்டில் ஆகும் சேதத்தைவிட ஏற்றும்போதும் இறக்கும்போதும் ஆகும் சேதம் அதிகம். எத்தனை கை மாறுகிறது என்று எண்ணிப் பாருங்கள். லோடுமேன்கள் மூட்டை தூக்கிப் பழகியவர்கள், பிடிக்க வாட்டமாக எது தெரிகிறதோ அதைப் பிடிப்பார்கள். இறக்கையில் வாட்டமாகத் தெரிவது மெல்லிய பின்விளிம்பு. அதைத்தான் தொடவே கூடாது.

வெயில், மழை, தூசி. எதைக் கட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்து இது மாறும். ஃபைபரும் இப்பாக்ஸியும் என்றால் வெயில் எதிரி. மரமும் ஒட்டுப்பலகையும் என்றால் ஈரம். துணி போர்த்தியது என்றால் ஒரு விரல் போதும். அலுமினியத்துக்குத் தூசி, அதிலும் சிமெண்ட் தூசி. ஈரம் பட்ட சிமெண்ட் காரத்தன்மை கொண்டது, அலுமினியத்தை அரிக்கும்.

காகிதமும் பணமும். வாடகை என்று டிரைவர் சொல்வது முழுச் செலவில் ஒரு பகுதிதான். ரிட்டன் வாடகை, வெயிட்டிங், டிரைவர் பேட்டா, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் பின்னால் வரும். சரக்கு பாடியை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், பக்கவாட்டிலோ முன்னாலோ பின்னாலோ உயரத்திலோ, மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி 20,000 ரூபாய் அபராதம். இறக்கி வைக்கும் செலவும் நம் தலையில். சிவப்புத் துணி கட்டிவிட்டால் போகலாம் என்ற காலம் 2014-லேயே முடிந்துவிட்டது.

## வண்டிக்கு முன்னால் தொட்டில்

வண்டியை ஒப்பிடுவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும். இறக்கையை நேரடியாக எந்த வண்டியிலும் கட்டக் கூடாது. இறக்கை தொட்டிலோடு சேர்ந்திருக்க வேண்டும், தொட்டில் வண்டியோடு. பெல்ட் தொட்டிலின் சட்டத்தில்தான் இறுக வேண்டும். ராட்செட் பெல்ட்டை இறக்கையின் மேல் போட்டு நாலு இழுப்பு இழுத்தால் 0.5 மி.மீ. தகடு குழிந்துவிடும்.

அலுமினிய இறக்கைக்கான தொட்டில் கடினமான வேலையே இல்லை. மரச்சட்டத்தில் ஒரு நீளப் பெட்டி மாதிரி அடித்து, இரண்டு இறக்கையையும் முன்விளிம்பு கீழே இருக்கும்படி பக்கத்தில் பக்கத்தில் நிறுத்த வேண்டும். வேர்ப் பக்கம் ஸ்பாரின் (இறக்கை நெடுக ஓடும் முதுகெலும்புச் சட்டம்) முனையை அதற்குரிய போல்ட் துளைகள் வழியாக ஒட்டுப்பலகைக் கட்டையோடு சேர்த்துப் போல்ட் போடுங்கள். நுனிப் பக்கம், ரிப் (இறக்கைக்குள் குறுக்கே நிற்கும் விலா எலும்பு) இருக்கும் இடத்துக்கு நேர் கீழே, அகலமான பட்டை ஊஞ்சல் மாதிரி தொங்கி முன்விளிம்பைத் தாங்க வேண்டும். ரிப்புக்கு நடுவில் தாங்கினால் தகடு உள்ளே போகும். உட்பக்கத்துக்குப் பவானி ஜமக்காளத்தை மிஞ்சிய பொருள் எனக்குத் தெரியவில்லை: கனம், தேய்மானம் குறைவு, ஆணியடித்தால் கிழியாமல் நிற்கும். இடுக்குகளை அடைக்கத் திருப்பூர் பனியன் வேஸ்ட் கிலோ கணக்கில் கிடைக்கிறது. பொள்ளாச்சி தென்னை நார் மலிவுதான், ஆனால் நாரும் நார்த் தூளும் தகட்டில் உரசிக்கொண்டே வரும், வேண்டாம். எந்த மெத்தையானாலும் போய்ச் சேர்ந்ததும் பிரித்துவிடுங்கள். ஈரம் கோத்த துணி அலுமினியத்தின் மேல் வாரக்கணக்கில் கிடந்தால் வெண்கறை பிடிக்கும்.

அப்புறம், காகித நாடா. மாஸ்கிங் டேப்பை ரிப் வரிசைகளின் மேல் ஒட்டி, மார்க்கரில் ‘இங்கே பிடி’ என்று எழுதி, பின்விளிம்பு நெடுக ‘தொடாதே’ என்று எழுதிவிட்டால் லோடுமேனிடம் நீங்கள் கத்த வேண்டிய அவசியம் பாதி குறைந்துவிடும். எழுத்து பெரிதாக இருக்கட்டும்.

விமானம் கிட்டாக, அதாவது நாமே கோர்க்க வேண்டிய பாகங்களாக, பெட்டியில் வந்திருந்தால் அந்த மரப்பெட்டியை உடைத்து விறகாக்கிவிடாதீர்கள். வால் பகுதிக்கு அதுவே தொட்டில்.

## 1. திறந்த பிக்கப்

பொலேரோ பிக்கப், தோஸ்த், சின்ன யானை எனப்படும் ஏஸ். கூப்பிட்டால் அரை மணி நேரத்தில் வாசலில் நிற்கும், சந்துக்குள் வரும், வாடகை குறைவு. பாரம் ஏற்றும் திறன் சின்னது என்பதால் ஸ்பிரிங்கும் பெரிய லாரியைவிட மென்மை. அதிர்வு என்ற கணக்கில் பார்த்தால் இந்த ஐந்தில் இது மோசமே இல்லை.

அளவுதான் இடிக்கும். ஏஸின் பாடி ஏழடி சொச்சம், தோஸ்த் எட்டடி, பெரிய பொலேரோ பிக்கப் ஒன்பது அல்லது பத்தடி. இரண்டு பேர் உட்காரும் அலுமினிய விமானங்களில் ஒரு பக்க இறக்கை பெரும்பாலும் பதினோரு அடிக்கு மேல். பத்தடிப் பாடியில் மூலைக்கு மூலை நிறுத்தினால் பதினோரடி நின்றுவிடும் என்று சிலர் கணக்குப் போடுவார்கள். கணக்கு சரிதான். ஆனால் ஒரு இறக்கைதான் நிற்கும், தொட்டில் நேராக உட்காராது, பெல்ட் கோணலாக இழுக்கும். இரண்டு நடை அடிக்க வேண்டும் என்றாகும்போது ஐச்சர் வாடகையை நெருங்கிவிடுகிறது.

பிக்கப்பின் வேலை வேறு. கிடைமட்ட வால், செங்குத்து வால், ஐலரான், ஃபிளாப் (இரண்டும் இறக்கையின் பின்பக்கம் அசையும் பலகைகள்), கவுலிங் (இன்ஜின் மூடி), இருக்கைகள், இறங்கு சக்கரம், கட்டிய இன்ஜின். இவற்றைப் பெட்டியிலோ சட்டத்திலோ வைத்து ஏற்ற பிக்கப் அருமையான வண்டி. எஞ்சினை மட்டும் தனி நடையாகக் கொண்டுபோங்கள். ரோட்டாக்ஸ் 912 போன்ற சின்ன இன்ஜினே அறுபது கிலோ பக்கம், பிரேக் அடித்தால் அது நகர்ந்து போய் எதன்மேல் மோதும் என்று யோசித்தால் போதும்.

மூடும் தார்ப்பாய் ஒரு மறைமுக ஆபத்து. தளர்வாகக் கட்டிய தார்ப்பாய் அறுபது கி.மீ. வேகத்தில் படபடவென்று அடித்துக்கொண்டே வரும். அதன் ஓரத்திலுள்ள பித்தளை வளையம் தகட்டில் பட்ட இடமெல்லாம் சிறு சிறு பிறைகளாகக் கீறல் விழுந்திருக்கும். பெயின்ட் அடிக்காத பளபளப்பான அலுமினியத்தில் இது நன்றாகவே தெரியும். தார்ப்பாயை மேலே உள்ள சட்டத்தில் இழுத்துக் கட்டுங்கள், பொருளின் மேல் போர்த்த வேண்டாம்.

## 2. கூண்டு போட்ட ஐச்சர்

வண்டிக்காரர் வந்து பார்த்ததும் கேட்பார்: “வெயிட்டே இல்லைங்களே, இதுக்கு எதுக்குங்க பதினாலடி வண்டி?” நியாயமான கேள்வி. அவருக்கு எடைதான் வருமானம். நமக்கு நீளம்.

பதினாலடிக் கூண்டு வண்டியில் இரண்டு இறக்கையும் ஒரே தொட்டிலில் நிற்கும், பின் கதவு மூடும், அபராதக் கவலை இல்லை. காற்று உள்ளே வராது. ஆடி மாதத்தில் பல்லடம் வழியாகப் போயே ஆக வேண்டும் என்றால் யோசிக்காமல் இதுதான். உடல் பகுதிக்கு பதினேழு அல்லது பத்தொன்பது அடி வேண்டும். இன்ஜின், சுக்கான், கிடைமட்ட வால் மூன்றையும் கழற்றிய பிறகு அளந்து பாருங்கள். ஆர்வி-7 என்ற இரண்டு இருக்கை விமானத்தின் முழு நீளம் 20 அடி 4 அங்குலம். மூக்கையும் சுக்கானையும் கழித்தால் எந்த வண்டி என்பது தெரிந்துவிடும். கிடைமட்ட வால் எட்டடியை ஒட்டி அகலமிருக்கும், அதை மாட்டிய நிலையில் எந்தக் கூண்டுக்குள்ளும் போகாது.

அளக்கும்போது கூண்டின் உள் அகலத்தை அளக்காதீர்கள். கதவு திறந்த பிறகு கிடைக்கும் வாசல் அகலத்தையும் உயரத்தையும் அளங்கள். கீல், கொண்டி, கதவுச் சட்டம் எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு பக்கமும் சில அங்குலம் தின்றுவிடும். புக்கிங் ஆபீசில் சொல்லும் அளவு பெரும்பாலும் உள் அளவு.

குறை, முதலில் சொன்ன ஸ்பிரிங். நான்கு டன் ஏற்றக் கட்டிய பட்டையில் நூறு கிலோ தொட்டில். இதற்கு வழி உண்டு: பாரம் சேர்ப்பது. அரை டன், முடிந்தால் ஒரு டன், பின் அச்சுக்கு நேர் மேலேயும் அதற்கு முன்னாலும். மணல் மூட்டை என்றால் இரட்டைச் சாக்கு, வாய் தைத்தது. சிந்திய மணல் ஆட்டத்தில் உப்புத்தாள் வேலை செய்யும். எனக்குப் பிடித்த யோசனை நூல் மூட்டை. மில்லிலிருந்து திருப்பூருக்கு நூல் மூட்டை போகும் வண்டியில் பின்பாதி காலியாக இருந்தால் கும்பிட்டு ஏற்றுங்கள். சுத்தமான பாரம், மெத்தென்ற பாரம், வாடகையும் பங்காகும். நடுவில் ஒட்டுப்பலகைத் தடுப்பு மட்டும் அவசியம், மேலிருக்கும் மூட்டை உருண்டு தொட்டிலில் விழக் கூடாது. டயர் காற்றும் கவனிக்க வேண்டியது. முழு லோடுக்கு அடித்த காற்றோடு காலி வண்டி ஓடினால் டயரே கல். கம்பெனி சொல்லும் குறைந்த லோடு அளவுக்கு இறக்கச் சொல்லுங்கள், டிரைவர் முணுமுணுப்பார், பரவாயில்லை.

இன்னொரு குறை வெப்பம். சித்திரையில் கரூர்ப் பக்கம் மூடிய தகரக் கூண்டு மதிய வெயிலில் நின்றால் உள்ளே அறுபது டிகிரியை நெருங்கிவிடும். அறை வெப்பத்தில் இறுகிய பல இப்பாக்ஸிகள் அறுபது எழுபது டிகிரிக்குள் இளக ஆரம்பிக்கும். இளகிய நிலையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்ற இறக்கை, ஆறிய பிறகு அந்தச் சாய்வோடேயே நிற்கும். ஃபைபர் விமானம் கட்டுகிறவர்கள் விடியற்காலையில் கிளம்பி பத்து மணிக்குள் இறக்கிவிட வேண்டும். வழியில் டிபன் சாப்பிட நிறுத்தினால் நிழலில்.

பின்னாலிருந்து வரும் செலவு ரிட்டன் வாடகை. திருச்செங்கோட்டிலிருந்து கோவைக்கு வந்த வண்டிக்குத் திரும்ப லோடு கிடைக்கும், கிடைக்க வாய்ப்பு அதிகம். தாராபுரத்துக்கு உள்ளே ஒரு தோட்டத்துக்கு வந்த வண்டிக்குக் கிடைக்காது, நீங்கள்தான் கொடுப்பீர்கள்.

டிரைவர் தேர்வு வண்டித் தேர்வுக்குச் சமம். நாமக்கல்லில் முட்டை லோடு ஓட்டிப் பழகிய ஆள் கிடைத்தால் விடாதீர்கள். வேகத்தடையில் ஏறி இறங்குவது எப்படி என்று அவருக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டாம்.

## 3. ரெக்கவரி வண்டி

பழுதான காரைத் தூக்கிப் போகும் சரிவுத்தள வண்டி. சக்கரம் மாட்டிய உடல் பகுதிக்கு இது பொருத்தம். தளம் சரிந்து தரையைத் தொடும், வின்ச் இழுக்கும், தூக்க ஆள் வேண்டாம். கணபதியில் கட்டியதைப் பீளமேட்டுக்குக் கொண்டுபோவது போன்ற ஊருக்குள் நடையில், ஞாயிறு விடியற்காலையில், இதை மிஞ்ச எதுவுமில்லை.

ஆபரேட்டர் கொக்கியை எங்கே மாட்டுகிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். காரில் கொக்கி மாட்ட இடம் உண்டு. விமானத்தில் அவர் கண்ணுக்குக் கிடைப்பது இன்ஜின் மவுண்ட் அல்லது வால் சக்கரம். இரண்டும் கூடாது, பிரதான சக்கர அச்சில் பட்டை போட்டு இழுக்க வேண்டும். தளம் சரியும்போது வால் தரையில் தட்டுமா என்று முன்கூட்டியே அளந்துவிடுங்கள். கட்டுவதும் சக்கரத்தில்தான். சுக்கான், எலிவேட்டர் (கிடைமட்ட வாலின் அசையும் பகுதி), ஐலரான் எல்லாம் கழற்றப்பட்டிருக்க வேண்டும். புரொப்பல்லரும் கழற்ற வேண்டும். கேனபி (விமானியின் தலைக்கு மேலுள்ள கண்ணாடி மூடி) தனியாக, போர்வை சுற்றி, காரின் பின் இருக்கையில் வர வேண்டும். அக்ரிலிக் கண்ணாடியில் அதிர்வால் ஒரு திருகுத் துளையிலிருந்து விரிசல் கிளம்பினால் அதற்கு மருந்தே கிடையாது. அதைத் தின்னர் வைத்துத் துடைப்பதும் அதே கதியைத் தரும்.

நீண்ட தூரத்துக்கு இது ஏற்றதில்லை. திறந்த தளம், காற்று, மழை, வேடிக்கை பார்க்கிறவர்கள் பைக்கில் கூடவே வந்து படம் எடுப்பது. அதோடு பல வண்டிகளின் தளம் பதினேழு பதினெட்டு அடிதான், வால் வெளியே நிற்கும். அபராதம் மறுபடி.

## 4. சொந்த டிரெய்லர்

வெளிநாடுகளில் கிளைடர்கள் காலங்காலமாக மூடிய டிரெய்லரில்தான் காருக்குப் பின்னால் போய் வருகின்றன. தொழில்நுட்பமாகப் பார்த்தால் சிறந்த வழி இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நூற்றைம்பது கிலோவுக்கு ஏற்ற மென்மையான ஸ்பிரிங் போடலாம், தளம் தரையை ஒட்டி இருக்கும், இறக்கை மாதக்கணக்கில் அதிலேயே இருக்கலாம், ஏற்றி இறக்கும் கை குறையும். சிங்காநல்லூர் முதல் கரூர் வரை வெல்டிங் பட்டறைக்குக் குறைவா? நீங்களே விமானம் கட்டுகிற ஆள், டிரெய்லர் கட்டமாட்டீர்களா?

கட்டலாம், பதிவு இல்லாமல் ரோட்டில் ஓட்ட முடியாது. டிரெய்லரும் பதிவு செய்ய வேண்டிய வாகனம். அங்கீகரித்த வடிவமைப்பு, ஆர்டிஓ பதிவு, நம்பர், விளக்கு, இன்சூரன்ஸ் எல்லாம் வேண்டும். ஒரே ஒரு நடைக்கு இவ்வளவும் செய்வது வீண்.

சரி, தோட்டத்து டிராக்டர் டிரெய்லர் இருக்கிறதே என்பார்கள். பெரும்பாலானவற்றில் ஸ்பிரிங்கே இருக்காது, இருந்தாலும் கரும்பு ஏற்றுவதற்கானது. விவசாயத்துக்கென்று பதிவான டிரெய்லரில் வேறு சரக்கு ஏற்றி ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கும். ஷெட்டிலிருந்து தோட்டத்து வாசல் வரை, நடை வேகத்தில், அதற்கு மட்டும்.

சொந்த டிரெய்லர் யாருக்கு லாபம் என்றால், இறக்கையைக் கழற்றி மாட்டும் வசதியோடு விமானம் கட்டி, பறந்து முடிந்ததும் வீட்டுக்கே கொண்டுவரும் எண்ணம் உள்ளவர்களுக்கு. அவர்களுக்கு ஹேங்கர் வாடகை மிச்சம்.

## 5. லாரி ஆபீஸ் பார்சல்

மலிவு. அதனால்தான் கேட்கிறார்கள். இறக்கைக்கும் உடலுக்கும் வேண்டாம், அவ்வளவுதான். வழியில் குடோனில் இறங்கும், வேறு வண்டி ஏறும், கூட வருவது மஞ்சளா சிமெண்டா இரும்புக் கம்பியா என்று உங்களுக்குத் தெரியாது. சேதமானால், சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின் விதிப்படி, மதிப்பைக் கூடுதலாக அறிவித்துப் பதிவு செய்யாதவரை, அவர்கள் பொறுப்பு கட்டிய வாடகையின் பத்து மடங்குக்குள். மூவாயிரம் வாடகைக்கு அதிகபட்சம் முப்பதாயிரம். ரசீதில் ‘ஓனர் ரிஸ்க்’ என்று முத்திரை வேறு இருக்கும்.

ரிவெட் டப்பா, கருவி, தகடு சுருள், கெட்டியான மரப்பெட்டியில் அடைத்த சின்னச் சாமான்களுக்கு இது போதும்.

## ஒரு பார்வையில்

| | அதிர்வு | காற்று, மழை | கைமாற்றம் | மறைமுகச் செலவு | எதற்கு நல்லது |
|---|---|---|---|---|---|
| பிக்கப் | பரவாயில்லை | பாதுகாப்பு இல்லை | குறைவு | இரண்டாவது நடை | வால், சிறு பகுதிகள், இன்ஜின் |
| கூண்டு ஐச்சர் | பாரம் சேர்த்தால் நல்லது | நல்ல பாதுகாப்பு, உள்ளே வெப்பம் | குறைவு | ரிட்டன், பாரத்துக்கான ஏற்றுக்கூலி | இறக்கைகள், உடல், நீண்ட தூரம் |
| ரெக்கவரி | நடுத்தரம் | பாதுகாப்பு இல்லை | மிகக் குறைவு | குறைந்தபட்ச வாடகை | சக்கரமுள்ள உடல், ஊருக்குள் |
| சொந்த டிரெய்லர் | மிக நல்லது | மூடியதானால் நல்லது | மிகக் குறைவு | பதிவு, இன்சூரன்ஸ் | அடிக்கடி நகர்த்துபவர்க்கு |
| பார்சல் | தெரியாது | தெரியாது | மிக அதிகம் | இழப்பீட்டு வரம்பு | பெட்டிச் சாமான் மட்டும் |

## காகிதங்கள்

டிரான்சிட் இன்சூரன்ஸ் எடுப்பவர்கள் எந்தப் பிரிவு என்று பார்த்து எடுங்கள். ‘ஏ’ பிரிவு எல்லா ஆபத்துக்கும், ‘சி’ பிரிவு தீ, இடி மின்னலோடு முடிந்துவிடும். எதிலுமே சரியாகக் கட்டாமல் போன பொருளுக்குப் பணம் வராது என்ற விதி இருக்கும், அதனால் தொட்டிலோடு சேர்த்து ஏற்றும்போது நாலு படம் எடுத்து வையுங்கள். கசப்பான விஷயம் ஒன்று: கம்பெனி பார்ப்பது உங்கள் பில்லை. இரண்டு வருடம் மாலை மாலையாக ரிவெட் அடித்த உழைப்புக்குப் பில் கிடையாது, அதற்கு மதிப்புப் போடச் சொல்லி முன்கூட்டியே எழுத்தில் கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் வேண்டும், மாநிலம் தாண்டினால் ஐம்பதாயிரத்துக்கு மேல். ஜிஎஸ்டி எண் இல்லாதவரும் அந்தத் தளத்தில் குடிமக்கள் பிரிவில் போட்டுக்கொள்ளலாம். கிட் பில் நகல், கட்டுமானப் பதிவேட்டின் சில பக்கங்கள், முழு விமானத்தின் ஒரு படம், இவை டிரைவரிடம் ஒரு செட், உங்களிடம் ஒரு செட். சூலூர் விமானப்படைத் தளத்தை ஒட்டிய ரோட்டில் ஒரு இறக்கையை வைத்துக்கொண்டு டீ குடிக்க நின்றால் நாலு பேர் கேட்கத்தான் செய்வார்கள்.

## வழியும் நாளும்

கிட்டத்து வழி வேண்டாம், வேகத்தடை குறைந்த வழி வேண்டும். திருச்செங்கோட்டிலிருந்து கோவைக்கு உள்ரோடுகளில் குறுக்கே வெட்டுவதைவிடப் பெருந்துறை வந்து 544-ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்து அவினாசி வழியாக வருவது நல்லது. பெங்களூருவிலிருந்து கிட் வாங்கி வருகிறவர்கள் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளைத் தவிர்த்துவிடுங்கள். அங்கே இரவுக் கட்டுப்பாடும் உண்டு. கிருஷ்ணகிரி, தருமபுரி வழியில் தொப்பூர்க் கணவாய் இறக்கத்தைப் பகலில், இரண்டாவது மூன்றாவது கியரில் இறங்கச் சொல்லுங்கள்.

மாதம் என்று கேட்டால் தை, மாசி. ஆடியில் காற்று, ஐப்பசியில் மழை, சித்திரையில் கூண்டுக்குள் வெப்பம். தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில் மட்டும் தாராபுரம், உடுமலை ரோடுகளைத் தவிர்க்கலாம். பழனிக்கு நடந்து போகிறவர்கள் ரோடு நிறைய இருப்பார்கள்.

## நகர்த்தாமல் முடியுமா

இதையும் ஒரு வழியாக எண்ணிப் பார்க்க வேண்டும். பெயின்டுக்காக மட்டும் இறக்கையை நகர்த்துகிறீர்கள் என்றால், கரூரில் பஸ் பாடிக்கு ஸ்பிரே அடிக்கும் ஆட்களில் ஒருவர் கம்ப்ரஸரோடு உங்கள் ஷெட்டுக்கே வந்துவிட மாட்டாரா என்று கேட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக் ஷீட் கட்டி, எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்து, தரையை நனைத்துத் தற்காலிக பூத் அமைக்கும் செலவு, போகவர இரண்டு ஐச்சர் நடையைவிடக் குறைவாக வரும் இடங்கள் உண்டு. பூத்தில் கிடைக்கும் மினுமினுப்பு கிடைக்காது, அதை ஒப்புக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

இனிமேல்தான் கட்ட ஆரம்பிக்கப் போகிறவர்கள் இடத்தைத் தேர்வு செய்யும்போதே வாசலை அளந்துவிடுங்கள். மும்பை காந்திவலியில் கேப்டன் அமோல் யாதவ் மொட்டை மாடியில் கட்டிய ஆறு இருக்கை விமானத்தை 2016-இல் மேக் இன் இந்தியா கண்காட்சிக்குக் கொண்டுபோகக் கிரேன் வைத்துத்தான் கீழே இறக்கினார்கள். அடுத்த வருடம் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ அதற்கு விடி-என்எம்டி என்று பதிவு எண் கொடுத்தது. மாடி, மாடிப்படித் திருப்பம், ஷெட் ஷட்டரின் உயரம், சந்து முனையில் தொங்கும் கரண்டுக் கம்பி, இவற்றில் எது மிகக் குறுகலோ அதுதான் உங்கள் வண்டியின் அளவு. அந்த அளவை ஷெட் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்துவிட்டு முதல் ரிவெட்டை அடியுங்கள்.